அரசாங்கக் கணினி வேலை: எந்தத் தேர்வு, எந்த வாசல்?

“மகன் கணினிப் பொறியியல் முடிக்கப் போகிறான். அரசாங்க வேலைக்கு எந்தப் பரீட்சை எழுத வேண்டும்?”

அரசாங்க அமைப்பு ஒன்றில் நான் மென்பொருள் பொறியாளராக வேலை செய்வது தெரிந்ததும் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். பிடோக்கில் எங்கள் புளோக்கின் மின்தூக்கியிலும் கேட்பார்கள், கோப்பிக்கடையிலும் கேட்பார்கள். சிலருக்கு மகனோ மகளோ இங்கே பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பார்கள். சிலருக்குத் தமிழகத்தில் ஒரு தம்பியோ மைத்துனர் மகனோ இருப்பார்.

சிங்கப்பூரைப் பொறுத்தவரை பதில் சுருக்கமானது: அப்படி ஒரு பொதுப் பரீட்சை இல்லை. இந்தியாவைப் பொறுத்தவரை ஒன்றல்ல, பல இருக்கின்றன. ஆனால் பலரும் முதலில் தேடும் இடத்தில் அவை இல்லை. இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளாவிட்டால் பணத்தோடு சேர்ந்து இருபது வயதுகளின் சில ஆண்டுகளும் வீணாகிவிடும்.

ஒரே புத்தகம், இரண்டு ஊர்

நானும் தஞ்சாவூரில் இருக்கும் என் சித்தப்பா மகனும் ஒரே ஆண்டில்தான் தயாரானோம். நான் தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே இங்கே அரசாங்க அமைப்புகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். தம்பி சென்னை வேலையை விட்டுவிட்டு ‘கேட்’ தேர்வுக்குப் படித்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு இரவு ஏழு மணி, எனக்கு ஒன்பதரை. இருவரும் காணொளியில் உட்காருவோம். அல்காரிதத்துக்குக் கோர்மென் புத்தகம். இயங்குதளத்துக்கு அட்டையில் டைனோசர் படம் போட்ட புத்தகம். பிரதிகள்தான் வேறு, பாடம் ஒன்றுதான்.

அந்த ஓராண்டில் நான் கண்டது, இரண்டு நாடுகளும் கேட்கும் அடிப்படை அறிவு ஒன்றே என்பது. கேட்கும் விதம்தான் வேறு.

ஓர் எடுத்துக்காட்டு. பலதுறை மருந்தகத்தில் இன்று ஒரே ஒரு முன்பதிவு நேரம் மீதமிருக்கிறது. இரண்டு பேர் ஒரே நொடியில் அதை அழுத்துகிறார்கள். இருவருக்கும் ‘காலியாக உள்ளது’ என்று திரை காட்டியிருக்கிறது. கணினி இருவரையும் பதிவு செய்துவிட்டால் காலையில் முகப்பில் சண்டைதான். தரவுத்தளப் பாடத்தில் இதற்குப் பரிவர்த்தனை, பூட்டு என்று இரண்டு அத்தியாயங்கள் உண்டு. ‘கேட்’ தேர்வில் இதே விஷயம், இரண்டு பரிவர்த்தனைகளின் வாசிப்பும் எழுத்தும் கலந்த ஒரு வரிசையாக வரும். அது ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததற்குச் சமமா, இல்லையா என்று கேட்பார்கள். இங்கே நேர்முகத்திலோ, “நீங்கள் எப்படித் தடுப்பீர்கள்? பத்தாயிரம் பேர் வந்தால் என்ன ஆகும்?” என்று வாய்விட்டு விளக்கச் சொல்வார்கள். தம்பி விடையைச் சரியாகப் போடுவான். காரணம் சொல்லத் தடுமாறுவான். நான் காரணம் சொல்வேன். கணக்குப் போட நேரமாகும். ஒருவர் குறையை மற்றவர் சரிசெய்ததுதான் எங்கள் பயிற்சி வகுப்பு.

இந்தியாவில் வாசல்கள் எங்கே?

மத்திய பொதுப்பணித் தேர்வாணையம் நடத்தும் பொறியியல் பணித் தேர்வுதான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அதில் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், மின்னணு-தொலைத்தொடர்பு என நான்கே பிரிவுகள். கணினிக்குத் தனிப் பிரிவு கிடையாது. ஐஏஎஸ், ஐபிஎஸ் பணிகளுக்கான குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலிலும் மேற்சொன்ன முதல் மூன்று பொறியியல் பாடங்கள் உண்டு. கணினி அறிவியல் இல்லை. கணினி படித்தவர்கள் ஐஏஎஸ் ஆகிறார்கள், ஆனால் வேறு பாடத்தை எடுத்துத்தான் ஆகிறார்கள்.

கணினிப் பட்டதாரிக்குப் பொருந்தும் வாசல்கள் வேறு. முதலாவது ‘கேட்’. இதை ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் முறைவைத்து நடத்துகின்றன. தேர்வு பிப்ரவரியில் நடக்கும்; விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் பிற்பாதியிலேயே முடிந்துவிடும். ‘கேட்’ மதிப்பெண் தானாக வேலை தராது. அது மூன்று ஆண்டுகள் செல்லுபடியாகும் ஒரு சாவி. அதைக் காட்டி எம்.டெக். சேரலாம். சில பொதுத்துறை நிறுவனங்கள் அந்த மதிப்பெண்ணை வைத்து நேர்முகத்துக்கு அழைக்கும். இரண்டாவது, நிறுவனங்கள் தாமே நடத்தும் தேர்வுகள். இஸ்ரோ கணினி அறிவியலுக்குத் தனி எழுத்துத் தேர்வு நடத்தியிருக்கிறது. இந்திய அரசின் இணையத்தளங்களையும் வலையமைப்புகளையும் பராமரிக்கும் தேசியத் தகவலியல் மையம் 2023ல் 598 பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. இப்படிப்பட்ட அறிவிப்புகள் ஆண்டுதோறும் வரும் என்று நம்பி உட்கார முடியாது. வரும்போது தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகள். எந்தப் பட்டமாக இருந்தாலும் எழுதலாம் என்ற பிரிவுகளில் கணினிப் பட்டதாரிகள் ஏராளமாக அமர்கிறார்கள். அவர்களில் பலர் அலட்சியம் செய்வது தமிழ்த் தாளை. 2021 டிசம்பரில் வந்த அரசாணைப்படி தமிழ்த் தாள் கட்டாயம். 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றத் தாள்கள் கணக்கில் வராது. பள்ளி முதல் ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண்ணின் கணக்கு

‘கேட்’ தேர்வுக்கு மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். பொதுத்திறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்குச் சுமார் 13, மீதி கணினிப் பாடங்களுக்கு. பொதுத்திறனையும் கணிதத்தையும் சேர்த்தால் கால் பங்குக்கு மேல். கணினியை மட்டும் இரவு பகலாகப் படித்துவிட்டு இந்தக் கால் பங்கைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுபவர்கள் நிறைய.

தவறான விடைக்கு மதிப்பெண் குறையும் என்பதில் பெரிய பயம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் தெளியும். நான்கு விடைகள் கொண்ட ஒரு மதிப்பெண் கேள்வியில் தவறினால் மூன்றில் ஒரு பங்கு குறையும். கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விகளுக்குக் குறித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு; லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் ஒரு விடை நிச்சயமாகத் தவறு என்று விலக்க முடிந்தால் கணக்கு உங்கள் பக்கம் சாயும். எண்ணாக விடை எழுதும் கேள்விகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகளைத் தேர்வு செய்யும் கேள்விகளுக்கும் மதிப்பெண் குறைப்பே இல்லை. அவற்றைக் காலியாக விடக் கூடாது. தம்பி இதை ஓர் அட்டையில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டியிருந்தான்.

சிங்கப்பூரில் யார் எடுக்கிறார்கள்?

இங்கே பொதுச் சேவை ஆணையம் 1951ல் அமைந்தது. 1995ல் அதன் ஆளெடுப்புப் பொறுப்புகளில் பெரும்பகுதி அமைச்சுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அமைச்சுகளும் ஆணைபெற்ற கழகங்களும் தமக்கு வேண்டியவர்களைத் தாமே தேர்ந்தெடுக்கின்றன. அதனால்தான் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டி ஒரே பரீட்சைக்குப் படிக்கும் வழி இங்கு இல்லை. 2016 அக்டோபரில் தொடங்கிய அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக், கணினி படித்தவர்களுக்கு முக்கியமான வாசல். உயர்கல்விக்குப் போகும் முன்பே தீர்மானித்துவிட்ட பிள்ளைகளுக்கு 2018ல் தொடங்கிய அறிவார்ந்த தேச உபகாரச் சம்பளம் இருக்கிறது. குடியுரிமை நிபந்தனையையும் படிப்புக்குப் பின் எத்தனை ஆண்டு வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தையும் குடும்பமாக உட்கார்ந்து படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

பரீட்சை இல்லை என்றால் சோதனை இல்லை என்று பொருளல்ல. பொதுவாக இணையத்தில் நேரம் குறித்து நிரல் எழுதும் சோதனை வரும். அடுத்துத் தொழில்நுட்ப நேர்முகம். அதன்பின், ஏன் பொதுச் சேவைக்கு வர விரும்புகிறீர்கள் என்ற பேச்சு. முதல் இரண்டுக்கும் தம்பியோடு படித்தது போதுமாக இருந்தது. மூன்றாவதற்கு எந்தப் புத்தகமும் உதவவில்லை. அதற்கு உதவியது பிடோக்.

பெரிய எழுத்து, காணாமல் போன பொத்தான்

எங்கள் வட்டாரத்தில் மூத்தோருக்குக் கைப்பேசி சொல்லித் தரும் தொண்டூழியத்தில் சனிக்கிழமைகளில் சேர்ந்திருந்தேன். ஒருநாள் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி ஒரு படிவத்தைக் காட்டி, “எல்லாம் நிரப்பிட்டேன் பிள்ளே, ஆனா அனுப்பவே மாட்டேங்குது” என்றார். பார்வை மங்கியதால் கைப்பேசியில் எழுத்தை மிகப் பெரிதாக வைத்திருந்தார். எழுத்து பெருத்ததில் ‘அனுப்பு’ பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டது. கீழே நகர்த்தவும் முடியவில்லை. எழுத்தைச் சிறிதாக்கினேன்; பொத்தான் வந்தது. ஆனால் இப்போது பாட்டியால் படிக்க முடியவில்லை. நான் வாசிக்க வாசிக்க அவர் சரிபார்த்து அனுப்பினார்.

அந்தப் படிவத்தை எழுதியவர் திறமையான பொறியாளராகவே இருப்பார். நிரலில் பிழை இல்லை. பெரிய எழுத்து வைத்துச் சோதித்துப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. தனியார் கடையின் செயலி சரியில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாம். அரசாங்கப் படிவத்துக்கு வேறு கடை கிடையாது. நேர்முகத்தில் அந்தக் கேள்வி வந்தபோது நான் சொன்னது இதைத்தான். அடுத்த அரை மணி நேரம் அதைச் சுற்றியே பேச்சு நடந்தது.

அந்த நாற்காலியில் உட்காருபவர் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் எடை உண்டு. 2018ல் சிங்ஹெல்த் மீது நடந்த இணையத் தாக்குதலில் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. விசாரணைக் குழு கண்ட காரணங்களில், சரிசெய்யப்படாத பாதுகாப்புக் குறைகளும், அறிகுறி தெரிந்தும் சிலர் உரிய நேரத்தில் செயல்படாததும் அடங்கும். 2020 மார்ச்சில் வந்த டிரேஸ்டுகெதர் செயலி தொழில்நுட்பத்தில் நன்றாகவே வேலை செய்தது. அதன் தரவைக் குற்றப் புலனாய்வுக்கும் பயன்படுத்த முடியும் என்று 2021 ஜனவரியில் தெரிந்தபோது மக்களிடையே கேள்விகள் எழுந்தன. அடுத்த மாதமே அந்தப் பயன்பாட்டை ஏழு வகைக் கடும் குற்றங்களுக்கு மட்டும் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. வலையமைப்பையும் தரவுத்தளத்தையும் மதிப்பெண்ணுக்காக மட்டும் படிப்பவருக்கு இவை செய்தி. பொதுச் சேவைக்குப் போகிறவருக்கு இவைதான் பாடம்.

கடைசித் தேதி வேண்டும்

தம்பியின் முதல் முயற்சியில் மதிப்பெண் போதவில்லை. சேமிப்பு கரைந்துகொண்டிருந்தது. சித்தப்பா எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் அவனுக்கு அதிகம் வலித்தது. ஒரு ஞாயிறு இரவு பாடத்தை மூடிவிட்டு இதைப் பேசினோம். “இன்னும் ஒரே ஒரு தடவை அக்கா. பகுதிநேரமா வேலை பார்த்துக்கிட்டே. அதுக்கப்புறம் கிடைச்சதை எடுத்துக்குவேன்” என்றான். அதைச் சித்தப்பாவிடமும் அவனே சொன்னான். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இயல்பானது.

இரண்டாம் முறை மதிப்பெண் உயர்ந்தது. பொதுத்துறை நிறுவன அழைப்பு வரவில்லை, எம்.டெக். இடம் கிடைத்தது. ‘கேட்’ வழியாகச் சேர்ந்ததால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. வீட்டில் கை நீட்டாமல் படிக்கிறான். மதிப்பெண் செல்லுபடியாகும் காலம் முடிவதற்குள் வரும் அறிவிப்புகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டும் இருக்கிறான்.

ஆகவே, கேட்கும் பெற்றோருக்கு நான் இப்போது சொல்வது இவ்வளவுதான். முதலில் எந்த நாடு, எந்த வாசல் என்று முடிவு செய்யுங்கள். அடிப்படைப் பாடங்களுக்கு ஆறு மாதம், பழைய வினாத்தாள்களுக்கு மூன்று மாதம், மாதிரித் தேர்வுகளுக்கு மீதி என்று ஓராண்டைப் பிரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். படித்ததை வாரம் ஒருமுறை யாருக்காவது வாய்விட்டு விளக்கட்டும். கேட்பவருக்குக் கணினி தெரிய வேண்டிய அவசியமில்லை, அம்மாவே கேட்கலாம். எத்தனை முயற்சி என்பதையும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமையில் ஒரு மணி நேரமாவது, கைப்பேசியோடு போராடும் ஒரு முதியவர் பக்கத்தில் பிள்ளையை உட்காரச் சொல்லுங்கள். வேலை கிடைத்தபின் அவன் எழுதப்போவது அவருக்காகத்தான்.