எண்ணுக்குத் திறக்கிறது, பெயருக்குத் திறக்கவில்லை

ஒரு சின்ன அலுவலகம். ஆறேழு கணினிகள், ஒரு பிரிண்டர், கோப்புகளை வைத்திருக்கும் ஒரு சர்வர். நேற்று வரை பெயரைச் சொன்னதும் திறந்த சர்வர் இன்று காலை திறக்க மறுக்கிறது. உடனே 'நெட் போச்சு' என்று ரவுட்டரை அணைத்துப் போடுவதுதான் வழக்கம். சில நேரம் அதில் சரியாகியும் விடும். ஆனால் எதனால் போனது என்ற தடயமும் கூடவே அழிந்துவிடும். அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வரும்.

அணைப்பதற்கு முன், சர்வரை அதன் ஐபி முகவரியைக் கொண்டு திறந்து பாருங்கள். 192.168.1.10 என்று எண்ணைக் கொடுத்தால் திறக்கிறது, பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை என்றால், கேபிளிலும் வைஃபையிலும் குற்றமில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் சிக்கல். எண்ணுக்கும் திறக்கவில்லையா, டிஎன்எஸ்ஸை விட்டுவிட்டு இணைப்பைப் பாருங்கள்.

அடுத்து, கட்டளைச் சாளரத்தில் என்எஸ்லுக்கப் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சர்வரின் முழுப்பெயரைக் கொடுங்கள். எல்லோர் கண்ணும் கடைசி வரிக்குத்தான் போகும். நீங்கள் முதல் இரண்டு வரிகளைப் பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் சொன்னது எந்த டிஎன்எஸ் சர்வர் என்பது அங்கே இருக்கும். சிறு நெட்வொர்க்குகளில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி, கேள்வி தவறான ஆளிடம் போவதால் வருபவை என்பது என் உறுதியான எண்ணம். அலுவலக டிஎன்எஸ்ஸின் எண் இருக்க வேண்டிய இடத்தில் 8.8.8.8 இருந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது. அது கூகுளின் பொது டிஎன்எஸ். உங்கள் அலுவலகத்துக்குள் இருக்கும் சர்வரின் பெயர் அதற்கு எப்படித் தெரியும்? லினக்ஸில் 127.0.0.53 என்று வந்தால் அது கணினிக்குள்ளேயே இருக்கும் இடைத்தரகர்தான். அதற்குப் பின்னால் யார் என்பதை ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளை காட்டும்.

அந்த 8.8.8.8 அங்கே வந்த வழி பெரும்பாலும் ஒன்றுதான். முதல் டிஎன்எஸ்ஸாக அலுவலக சர்வரையும், 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டாவதாகப் பொது டிஎன்எஸ்ஸையும் யாரோ போட்டு வைத்திருப்பார்கள். முதலாமவருக்குத் தெரியாததை இரண்டாமவரிடம் கேட்கும் என்ற நம்பிக்கை. கணினி அப்படிச் செய்வதில்லை. 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்பதும் அதற்கு முழுமையான பதில்தான். அதைக் கேட்டதும் தேடுவதை நிறுத்திவிடும். பொதுவாக, முதல் சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால்தான் இரண்டாவதிடம் போகும். சில கணினிகள் அப்படிப் போன பிறகு அங்கேயே தங்கியும் விடும். காலையில் வேலை செய்து மதியம் செய்யாமல் போகும் மர்மத்துக்கு இதுவே காரணமாகலாம். இரண்டாவது டிஎன்எஸ் வேண்டுமானால், அதற்கும் உள்பெயர்கள் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ரவுட்டர் ஐபிவி6 வழியாக வேறொரு டிஎன்எஸ் முகவரியைத் தானாகவே பரப்புகிறதா என்பதையும் பாருங்கள்.

'பெயர் இல்லை' என்ற பதிலும், பதிலே வராமல் நேரம் கடந்துபோவதும் ஒன்றல்ல. முதலாவது, தவறான ஆளைக் கேட்டதாலோ, பதிவு விடுபட்டதாலோ வருவது. இரண்டாவதற்கு டிஎன்எஸ் சேவை நின்றிருக்கலாம், அல்லது ஃபயர்வால் 53ஆம் போர்ட்டை அடைத்திருக்கலாம்.

என்எஸ்லுக்கப் சரியான எண்ணைத் தருகிறது, பிங் கட்டளை மட்டும் பழைய எண்ணுக்குப் போகிறது என்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் டிஎன்எஸ்ஸை வடிவமைப்பதற்கு முன், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் பெயர்கள் எல்லாம் அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ நிறுவனம் பராமரித்த ஒரே கோப்பில் இருந்தன. அந்த வழக்கத்தின் மிச்சமான கோப்பு இன்றும் ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது. என்எஸ்லுக்கப் அதைப் பார்க்காது, பிங் பார்க்கும். என்றோ அவசரத்துக்கு எழுதிய ஒரு வரி அங்கே கிடக்கலாம். அதில் எதுவும் இல்லையென்றால் கணினி நினைவில் வைத்திருக்கும் பழைய பதில்தான். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளையின் ஃப்ளஷ்டிஎன்எஸ் அதைத் துடைத்துவிடும்.

பிங்கும் சரி, பிரவுசர் மட்டும் முரண்டு பிடிக்கிறதென்றால், அதன் அமைப்புகளில் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' இயங்குகிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் பிரவுசர் உங்கள் டிஎன்எஸ்ஸைத் தாண்டி நேராக வெளியே போய்க் கேட்கலாம்.

புதிதாக நெட்வொர்க் அமைப்பவர்கள் பெயரின் முடிவில் 'லோக்கல்' போடாதீர்கள். மல்டிகாஸ்ட் டிஎன்எஸ் என்ற வேறொரு முறைக்கு 2013இல் அது ஒதுக்கப்பட்டுவிட்டது. சில கணினிகள் அந்தப் பெயரை உங்கள் சர்வரிடம் கேட்கவே கேட்காது. தனியார் நெட்வொர்க்குகளுக்கென்றே ஐகேன் அமைப்பு 2024இல் 'இன்டர்னல்' என்ற முடிவை ஒதுக்கியது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே 'லோக்கல்' பெயரில் ஒழுங்காக ஓடும் அலுவலகம் அவசரப்பட வேண்டியதில்லை. அடுத்து சர்வரை மாற்றும்போது பெயரையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம்.