விமானம் நின்றால் விமானிக்குக் கூலி ஓடுமா? பணி நேரமும் பறக்கும் நேரமும்

பள்ளிகொண்டாவிலிருந்து உம்ராவுக்கோ வளைகுடா வேலைக்கோ கிளம்புகிறவரை வழியனுப்ப, குடும்பமே வேன் பிடித்துச் சென்னை விமான நிலையம் போவது நம் பகுதியில் வழக்கம். மூன்று மணி நேரப் பயணம். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்று பலகையில் எழுத்து மாறும். அப்போது யாராவது ஒருவர் சொல்வார்: "பைலட்டுக்கு என்ன, உட்கார்ந்திருந்தாலும் மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் ஏறிக்கொண்டே இருக்கும்."

பெரும்பாலும் அது உண்மையல்ல. விமானம் வாசலில் நிற்கும் நேரத்தில் விமானியின் உடல் களைப்படைகிறது, அவருடைய வேலை நேரம் குறைகிறது, ஆனால் பறக்கும் கூலி ஏறுவதில்லை. மகனையோ மகளையோ விமானி ஆக்க நினைக்கும் பெற்றோர் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு கடிகாரங்கள்

விமானியின் வேலையை இரண்டு கடிகாரங்கள் அளக்கின்றன.

முதலாவது பணி நேரம். விமானி வேலைக்கு வந்து கையெழுத்திடும் நிமிடத்தில் இது தொடங்குகிறது. வானிலை அறிக்கை பார்ப்பது, எரிபொருள் கணக்கிடுவது, விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பது, இரண்டு பயணங்களுக்கு இடையே காத்திருப்பது எல்லாம் இதில் அடங்கும். வேறு ஊரிலிருந்து விமானத்தை எடுப்பதற்காகப் பயணியாக அமர்ந்து அந்த ஊருக்குப் போவதும் பணி நேரமே.

இரண்டாவது பறக்கும் நேரம். புறப்படுவதற்காக விமானம் முதன்முதலில் நகரும் கணத்திலிருந்து, இறங்கி ஓய்ந்து நிற்கும் கணம் வரை. துறையில் இதை 'பிளாக் நேரம்' என்பார்கள். ஓடுபாதை அருகே வரிசையில் நிற்பதும் இதில் சேரும். ஆனால் விமானம் நகர்வதற்கு முன் ஏற்படும் தாமதம் சேராது.

கணக்குக்காக ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விமானி காலை 5 மணிக்கு வேலைக்கு வருகிறார். 6 மணிக்குச் சென்னையில் கிளம்பி 8.50க்கு டெல்லி. அங்கே ஒரு மணி நேரம். 9.50க்குக் கிளம்பி 12.40க்குச் சென்னை. வேலைகளை முடித்து 1 மணிக்கு வெளியே வருகிறார். பணி நேரம் 8 மணி, பறக்கும் நேரம் 5 மணி 40 நிமிடம். அதே நாளில் டெல்லியில் மூடுபனியால் விமானம் வாசலிலேயே இரண்டு மணி நேரம் நின்றால் பணி நேரம் 10 மணியாகிறது. பறக்கும் நேரம் அதே 5 மணி 40 நிமிடம்தான்.

நம் பகுதிக்கு இது புதிய கதையல்ல. பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இலை வாங்கப் போவதற்கும், நனைத்து வெட்டுவதற்கும் தனிக் கூலி கிடையாது. ஆம்பூர் பக்கம் வீட்டில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கு. சரக்கு வராத நாளில் காத்திருந்ததற்குக் காசு இல்லை. விமானியின் வருமானம் இவர்களுடையதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் உழைத்த நேரம் ஒன்று, கூலி பேசப்பட்ட நேரம் வேறொன்று என்பதில் கணக்கு ஒன்றே.

இந்தியாவில் சம்பளம் எப்படி?

இந்திய நிறுவனங்களில் பொதுவாகச் சம்பளம் இரண்டு பகுதி. குறிப்பிட்ட மணி நேரம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் உறுதியாகக் கிடைக்கும் தொகை ஒன்று. அந்த மணி நேரத்தைத் தாண்டினால் ஒவ்வொரு மணிக்கும் கிடைக்கும் கூடுதல் தொகை மற்றொன்று. இங்கே முக்கியமான எண், எத்தனை மணி நேரத்துக்கு உறுதி என்பதுதான்.

அந்த ஓர் எண் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2024 ஏப்ரலில் நாடு பார்த்தது. ஏர் இந்தியாவுடன் இணையவிருந்த விஸ்தாரா நிறுவனம் தன் விமானிகளுக்குப் புதிய ஒப்பந்தம் கொடுத்தது. அதுவரை 70 மணி நேரத்துக்கு இருந்த உறுதிச் சம்பளம், ஏர் இந்தியாவில் இருந்ததைப் போல 40 மணி நேரமாகக் குறைந்தது. 40க்கு மேல் பறந்தால் கூடுதல் தொகை உண்டு. ஆனால் மணி நேரம் கொடுப்பது நிறுவனத்தின் கையில் அல்லவா? விமானிகள் பலர் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். விமானங்கள் வரிசையாக ரத்தாயின. கடைசியில் நிறுவனம் நாளொன்றுக்கு 25 முதல் 30 விமானங்களைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தது.

சட்டம் எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறது?

சம்பளம் பெரும்பாலும் பறக்கும் நேரத்தைப் பார்க்கிறது. பாதுகாப்புச் சட்டமோ இரண்டையும் பார்க்கிறது. டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி ஒரு விமானி ஆண்டுக்கு 1000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. ஏழு நாளில் பறப்பது 35 மணி, பணி நேரம் 60 மணி என்பது உச்ச வரம்பு.

"விமானியின் டியூட்டி நேரம் முடிந்துவிட்டது, விமானம் ரத்து" என்று அறிவிப்பு வரும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்த நேரத்தைத் தாண்டி ஓட்டினால் அவர் சட்டத்தை மீறியவராகிறார். நம் குடும்பத்தைச் சுமந்து செல்பவர் தூக்கக் கலக்கத்தில் இருக்கக் கூடாது என்பதற்காகவே அந்தக் கட்டுப்பாடு.

2023 ஆகஸ்டில் நாக்பூர் விமான நிலையத்தில், விமானத்தை எடுக்கச் சென்ற விமானி ஒருவர் வாசலருகே மயங்கி விழுந்து இறந்தார். விமானிகளின் களைப்பு குறித்து ஏற்கெனவே இருந்த பேச்சு அதன்பின் வலுத்தது. 2024 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ. புதிய விதிகளை அறிவித்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியானது. இரவுப் பணியில் 6 வரை அனுமதிக்கப்பட்டிருந்த தரையிறக்கம் 2 ஆகக் குறைந்தது. நிறுவனங்களின் எதிர்ப்பாலும் அவகாசக் கோரிக்கையாலும் தள்ளிப்போன அந்த விதிகள், 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. அதற்கேற்ப ஆட்களைத் தயார் செய்யாத இண்டிகோ டிசம்பர் முதல் வாரத்தில் திணறியது. டிசம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. பிறகு அந்த நிறுவனத்துக்குச் சில விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு தரப்பட்டது.

இதில் விமானிக்கு ஒரு சங்கடம் உண்டு. ஓய்வு கூடினால் பறக்கும் நேரம் குறையலாம். உறுதிச் சம்பளம் குறைவாக இருப்பவருக்கு அது வருமான இழப்பு. வீட்டுக் கடன் கட்ட வேண்டிய ஒருவர், களைப்பாக இருக்கிறது, இன்று பறக்க மாட்டேன் என்று சொல்லத் தயங்குவார். அந்தத் தயக்கம் பின்னால் அமர்ந்திருக்கும் நம் எல்லோருக்கும் ஆபத்து.

மற்ற நாடுகளில்

அமெரிக்காவிலும் விமானிகளுக்குப் பறக்கும் மணிக்கணக்கில்தான் சம்பளம். ஆனால் அங்கே தொழிற்சங்கங்கள் பேசி வாங்கிய பாதுகாப்புகள் பல. மாதத்துக்குக் குறைந்தபட்ச மணி நேரம் உறுதி. விமானம் அட்டவணையைவிட விரைவாகப் போய்ச் சேர்ந்தாலும் அட்டவணை நேரத்துக்குக் கூலி. சில ஒப்பந்தங்களில், இரண்டு மணி நேரப் பணிக்குக் குறைந்தது ஒரு மணி நேரப் பறக்கும் கூலி.

விமானப் பணிப்பெண்களின் நிலை இன்னும் கடினமாக இருந்தது. பயணிகளை ஏற்றி, பெட்டிகளை அடுக்க உதவி, கதவு மூடும் வரை செய்யும் வேலைக்குப் பல நிறுவனங்களில் கூலியே இல்லை. டெல்டா நிறுவனம் 2022இல்தான் அந்த நேரத்துக்குப் பாதிக் கூலி தரத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடா பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இந்தத் தரைப் பணிக் கூலி முக்கியக் காரணம். அதன்பின் ஏற்பட்ட உடன்பாட்டில் அது சேர்க்கப்பட்டது.

பெற்றோர் கவனத்துக்கு

விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும். அந்தப் பயிற்சிக்கும், குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் பயிற்சிக்கும் சேர்த்து அரை கோடிக்கு மேல் ஆகும். நிலத்தை விற்றோ நகையை வைத்தோதான் பல குடும்பங்கள் இதைத் திரட்ட முடியும். பயிற்சி நிறுவனங்களின் விளம்பரத்தில் வரும் மாதச் சம்பளம், எல்லா மணி நேரமும் கிடைத்த மாதத்தின் சம்பளமாக இருக்கலாம்.

2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டு விமானங்கள் அடியோடு நின்றபோது, பறக்கும் கூலியை நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் முடங்கியபோது பல மாதச் சம்பளம் பாக்கி நின்றது.

ஆகவே இந்தத் துறையில் ஏற்கெனவே இருப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் உறுதி? அந்த உறுதித் தொகை மட்டும் எவ்வளவு? தயார் நிலையில் காத்திருக்கும் நாளுக்கும், பயணியாக வேறு ஊர் போகும் நேரத்துக்கும் ஏதாவது உண்டா? உடல்நலம் கெட்டு மருத்துவத் தகுதி தற்காலிகமாக நின்றால் என்ன கிடைக்கும்? வரும் பதிலில் உறுதித் தொகையை மட்டும் வைத்துக் குடும்பச் செலவையும் கடனையும் கணக்குப் போடுங்கள். அதில் ஓடும் என்றால் பிள்ளையைத் தைரியமாக அனுப்பலாம்.