உங்களுக்குத் தெரியுமா? சதுப்பு நிலம் வாவியான கதை

ஏப்ரல் சீசன் வந்தால் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் நுவரெலியா கிரகரி வாவிக்குப் புறப்படுவார்கள். படகு, குதிரைச் சவாரி, சுடச்சுடச் சோளம் என்று கரையே களைகட்டும்.

• இது இயற்கை வாவி அல்ல. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல், சதுப்பு நிலத்தில் நீரோடையை மறித்து உருவாக்கப்பட்டது.

• 1913இல் இதன் நீரைச் சுரங்கவழி கொண்டுசென்று பிளாக்பூல் என்ற இடத்தில் மின்சாரம் எடுத்தார்கள்.

• பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதில் ஏறி நானுஓயாவில் இறங்கினால் வாவி பக்கம்தான்.

• மரக்கறித் தோட்டங்களிலிருந்து மழையில் கரைந்து வரும் மண் வாவியைத் தூர்க்கிறது. சுற்றுலா போகும் நாம் குப்பையையும் அதில் சேர்க்க வேண்டாமே!