மின்னூசியும் குடலின் மீட்சியும்

வயிற்றிலே சத்திர சிகிச்சை பெற்றவரிடம் வைத்தியர் நாள்தோறும் வினவுவது, "காற்றுப் பிரிந்ததா?" என்பதாகும். அருகிருப்போர்க்கு நகைப்பூட்டும் இவ்வினா நோயாளிக்கு நகைப்புக்குரியதன்று. கையும் கத்தியும் பட்ட குடல் தன் அலையசைவைச் சில காலம் நிறுத்திவிடுகின்றது. சிறுகுடல் ஏறக்குறைய ஒரு நாளிலும், இரைப்பை இரு நாட்களுள்ளும் தேறும். பெருங்குடலோ மூன்று நாள் வரையும், சிலவேளை அதற்கு மேலும், அசைவற்றுக் கிடக்கும். அதுவரை வயிறு உப்பும், உண்டது வாந்தியாகும், வீடு திரும்பும் நாள் தள்ளிப்போகும். பரிவு நரம்புகளின் தடையும் குடற்சுவரில் எழும் அழற்சியும் இதற்குக் காரணங்களாம். நோவைத் தணிக்க ஏற்றப்படும் மோபீனும் குடலை மேலும் மந்தமாக்குகின்றது.

இந்நிலையை மாற்றுதற்குச் சீனரின் பழைய ஊசி வைத்தியம் மின்னோட்டத்தைத் துணைக்கொள்கின்றது. முழங்காற் சில்லுக்கு நான்கு விரற்கடை கீழே, முன்னெலும்பிலிருந்து வெளிப்புறமாக ஒரு விரற்கடை தள்ளி, 'சூசான்லி' எனும் புள்ளி உளது. 'காலின் மூன்று லீ' என்பது அதன் பொருள். லீ என்பது சீனரின் வழியளவை. அவ்விடத்தும் வேறு சில இடங்களிலும் மெல்லிய ஊசிகளை ஏற்றிச் சிறு மின்னோட்டம் செலுத்துவர். தோலின்மேல் ஒட்டுத்தகடு வைத்துச் செலுத்துதலும் உண்டு.

காலிற் குத்தினாற் குடல் அசையுமோ? ஐயம் நியாயமானதே. ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்தார் 2013 இல் வெளியிட்ட ஆய்வில், பெருங்குடற் புற்றுநோய்க்காகச் சிறு துளைகளின் வழியே சத்திர சிகிச்சை பெற்ற 165 பேர் மூன்று கூறாகப் பிரிக்கப்பட்டனர். மலங்கழிதற்கு ஊசியே பெறாதார்க்குச் சராசரி 122 மணித்தியாலமும், பாவனை ஊசி பெற்றார்க்கு 107.5 மணித்தியாலமும், மின்னூசி பெற்றார்க்கு 86 மணித்தியாலமும் சென்றன. நடுவிலுள்ள எண்ணே சிந்தனைக்குரியது. நம்பிக்கையும் கவனிப்பும் ஓரளவு உதவக்கூடும் என்பதையும், அதற்கப்பால் மின்னூசிக்குத் தனிப் பயன் உண்டென்பதையும் அது ஒருங்கே உணர்த்துகின்றது.

காரணத்தை நாடியோர் எலிகளை ஆராய்ந்தனர். பின்னங்காலில் ஆழ்ந்து கிடக்கும் ஒருவகை உணர்ச்சி நரம்பிழைகளை மெல்லிய மின்னோட்டம் தூண்ட, அச்செய்தி மூளையை அடைந்து, வேகசு நரம்பின் வழியே அதிரீனற் சுரப்பியை இயக்கி அழற்சியைத் தணிப்பதை 2021 இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டிற்று. அதே மின்னோட்டத்தை வயிற்றிற் செலுத்தியபோது அப்பயன் விளையவில்லை. எங்குக் குத்தினும் ஒன்றே என்பார்க்கு இது தக்க விடை. ஆயினும் எலியிற் கண்ட அவ்வழியே மனிதர் குடலையும் எழுப்புகின்றது எனத் துணிதல் அவசரமாகும்.

நோயாளியை விரைவில் எழுந்து நடக்கச் செய்தல், வாய்வழி உணவை முந்தித் தொடங்குதல், மோபீனைக் குறைத்தல் என்பன இன்றும் முதன்மையான முறைகள். மின்னூசி அவற்றுக்குத் துணையாகவே வருவது. இதயத்தில் மின்முடுக்கி பொருத்தியோர்க்கு அது பொதுவாகத் தவிர்க்கப்படும்.