தாதியின் கணக்கு

நோயாளிக்கு அருகில் நிற்கும் தாதியே நோயின் காரணத்தை முதலில் காண்கிறார். கிரைமியப் போரின்போது, 1854இல், புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 38 தாதியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி படை மருத்துவமனைக்குச் சென்றார். காயத்தால் இறந்தோரைவிட வயிற்றோட்டம், வாந்திபேதி, காய்ச்சலால் இறந்த படையினரே அதிகம். 1855இல் கழிவுக் கால்வாய்கள் துப்புரவாக்கப்பட்டு, காற்றோட்டம் சீராக்கப்பட்டதும் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

நாடு திரும்பிய அம்மையார் மரணங்களைக் காரணவாரியாகக் கணக்கிட்டு, 1858இல் வரைபடமாக வெளியிட்டார். அதன்பின் பிரித்தானியப் படையினர் குடியிருப்புகளில் நீரும் வடிகாலும் சீரமைக்கப்பட்டன.

இடம்பெயர்ந்து வாழும் நாமும் இதனைச் செய்யலாம். வயிற்றோட்டம் கண்டோர் எத்தனை பேர், எந்தக் கிணற்று நீரைக் குடித்தனர், எத்தனை குடும்பங்களுக்கு ஒரு மலசலகூடம் என்பவற்றைத் திகதியிட்டு எழுதி, குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுங்கள். வாய்முறைப்பாடு மறந்துபோகும், எழுதிய கணக்கு நிலைக்கும்.