நிழற்படமும் பொய்ச்சான்றும்

மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டிப் பக்கங்களிலும் மாணவர் பலர் கணினியில் நிழற்படம் திருத்தப் பயில்கின்றனர். இதற்குப் பெரிதும் பயன்படும் ஃபோட்டோஷாப் மென்பொருளே ஒரு மாணவரின் முயற்சிதான். 1987-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் நோல் அதனைத் தொடங்கித் தம் தம்பி ஜானுடன் வளர்த்தார். 1990-இல் அடோபி நிறுவனம் வெளியிட்டது. 1994-இல் ‘அடுக்குகள்’ வந்தன. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போல், ஒரு படத்தின்மீது வேறோர் உருவத்தைப் பொருத்த அவை உதவுகின்றன.

மறைந்த தந்தையை மகளின் திருமணப் படத்தில் சேர்த்துத் தருமாறு வீட்டார் கேட்பதுண்டு. அறிந்தே, அன்பினால் கேட்பதால் அதில் ஏமாற்று இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பும் படத்தில் பெண்ணின் கருநிறத்தை வெளுப்பாக்கித் தருவது? எட்டாம் கட்டளை நாவிற்கு மட்டுமா? பெறுபவருக்கு அது பொய்ச்சான்று, அப்பெண்ணுக்கோ அவமதிப்பு. பணம் கிடைக்குமாயினும், இத்தகைய வேலையை மாணவர் மறுத்துவிடலாம்.