சாக்பீஸ் செய்வோம், வாருங்கள்!

கரும்பலகையில் எழுதும் சாக்பீஸைச் சுண்ணக்கட்டி என்கிறோம். அதில் உண்மையில் இருப்பது என்ன? நீங்களே சோதித்து அறியலாம். ஒரு துண்டைப் பொடி செய்து, அதன்மேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. பழங்காலக் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான சுண்ணப்பாறை இவ்வகையைச் சேர்ந்தது. நுரைக்காவிட்டால் அது பெரும்பாலும் ஜிப்சமாக இருக்கும். ஜிப்சம் என்பது நீர் சேர்ந்த கால்சியம் சல்ஃபேட். திருச்சிராப்பள்ளியை அடுத்த ஊட்டத்தூர்ப் பகுதியிலும் இந்தக் கனிமம் கிடைக்கிறது.

ஜிப்சத்தை 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால், அதிலுள்ள நீரில் முக்கால் பங்கு வெளியேறிவிடும். எஞ்சும் வெண்பொடியே பாரிஸ் சாந்து. இதில் மீண்டும் நீர் சேர்த்தால், இழந்த நீரை ஏற்றுக்கொண்டு மறுபடியும் ஜிப்சமாகிறது. அப்போது ஊசி போன்ற நுண்படிகங்கள் வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகின்றன.

செய்முறை

தடித்த காகிதத்தை விரல் பருமனுள்ள குழாய்களாகச் சுருட்டி ஒட்டுங்கள். உட்புறம் சிறிது எண்ணெய் தடவி, அடிப்பக்கத்தைக் களிமண்ணால் அடைத்து நிறுத்துங்கள். ஒரு பழைய டப்பாவில் 75 மில்லிலிட்டர் நீர் எடுத்து, 100 கிராம் பாரிஸ் சாந்தைச் சிறிது சிறிதாகத் தூவிக் குச்சியால் கலக்குங்கள். உடனே குழாய்களில் ஊற்றி, காற்றுக்குமிழிகள் வெளியேற மெல்லத் தட்டுங்கள். அரை மணி நேரம் சென்றபின் காகிதத்தைப் பிரித்து, இரண்டு மூன்று நாட்கள் உலர விடுங்கள். வண்ணச் சாக்பீஸ் வேண்டுமானால் நீரில் சிறிது வண்ணப்பொடி கலக்கலாம்.

100 கிராம் பாரிஸ் சாந்து ஜிப்சமாக மாறச் சுமார் 19 கிராம் நீரே போதும். பின் ஏன் 75 மில்லிலிட்டர்? மிகுதி நீர் உலரும்போது நுண்ணிய துளைகளை விட்டுச் செல்கிறது. அந்தத் துளைகளால்தான் சாக்பீஸ் மென்மையாகித் தேய்ந்து எழுதுகிறது. நீர் குறைந்தால் கட்டி கடினமாகிப் பலகையைக் கீறும். கூடினால் பிடித்தவுடன் உடையும்.

எச்சரிக்கை

சாந்து இறுகும்போது வெப்பம் வெளிப்படும். பெரிய அளவில் கலந்தால் தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடேறும். 2007-இல் இங்கிலாந்தில் ஒரு மாணவி வகுப்பில் கையின் வார்ப்பு எடுப்பதற்காகச் சாந்துக்குள் கைகளை வைத்திருந்து, விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். ஆகவே கையால் ஒருபோதும் கலக்காதீர்கள். பொடி மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். மீதியைச் சாக்கடைக் குழாயில் கொட்டாதீர்கள். சாந்து நீருக்கு அடியிலும் இறுகி, குழாயை அடைத்துவிடும்.

பலகையும் முக்கியம்

சொரசொரப்பான பலகை அரம்போல் சாக்பீஸைத் தேய்க்கிறது. வழவழப்பாகி வெளிறிய பலகையில் எழுத்து பதியாது. கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துப் பூசுவது நம் ஊர்ப் பள்ளிகளில் பழகிய முறை. கரித்தூள் ஒளியை உறிஞ்சுவதால் வெள்ளை எழுத்து கடைசி வரிசைக்கும் தெளிவாகத் தெரியும். சிலர் ஊமத்தை இலையைப் பயன்படுத்துவர். அது நச்சுச்செடி, உங்களுக்கு வேண்டாம்.

100 கிராம் சாந்துக்கு 60, 75, 90 மில்லிலிட்டர் என நீரின் அளவை மாற்றி மூன்று வகைச் சாக்பீஸ்கள் செய்யுங்கள். எது நன்றாக எழுதுகிறது என்பதை உங்கள் வகுப்புக் கரும்பலகையே சொல்லிவிடும்!